மாமி கடைக்கு ஒன்பது பேரோடு போவது எப்படி?

கேள்வி: கல்லடிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கடை எது என்பது எனக்குத் தெரியும். அங்கே ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு போகும் முறைதான் தெரியவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரையில். மூன்று வருடமாகக் கல்லடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டி, மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து போய்வருகிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலைக்குப் போகும் வழியில், ஒரு உள்ளொழுங்கையில் ஒரு அம்மா வீட்டு விறாந்தையில் மதியச் சாப்பாடு கொடுக்கிறார். போர்ட் கிடையாது. இரண்டு மேசை, நான்கு வாங்கு. படலைத் தூணில் ஒரு மஞ்சள் வாளி தொங்கினால் சோறு இருக்கிறது. வாளியை உள்ளே எடுத்துவிட்டால் அன்றைக்கு முடிந்தது. நாங்கள் எல்லோரும் மாமி கடை என்போம்.

மாமி ஒரு நாளைக்கு இருபத்தைந்து சாப்பாடுதான் சமைப்பார். வயலுக்குப் போகிறவர்கள், நெல் வெட்டு மெசின் ஓட்டுகிறவர்கள், பால் எடுக்க வரும் ஒரு தம்பி, பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் இரண்டு பேர், நான். இன்னார் இத்தனை மணிக்கு வருவார் என்பது அவருக்கு மனப்பாடம். சிவப்பரிசிச் சோறு, ஒரு மீன் ஆணம் (குழம்பு), ஒரு பாலாணம், ஒரு சுண்டல், ஒரு சம்பல். கறியை மாற்றிக் கேட்க முடியாது. கேட்கத் தோன்றியதும் இல்லை. அந்த மீன் ஆணத்தைப் பற்றி எழுதினால் கேள்வியை மறந்துவிடுவேன்.

போன வருடம் வெட்டுக் காலத்தில் நான் ஒரு பிழை செய்தேன். கந்தோரில் நான்கு பேரை, முன்னறிவித்தல் இல்லாமல், "வாங்க, நல்ல சாப்பாடு ஒன்று காட்டுகிறேன்" என்று பன்னிரண்டரைக்கே கூட்டிப்போனேன். ஐந்து பேரும் இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டோம். ஒன்றரைக்கு ஒரு மெசின் டிரைவர் வந்தார். விடியற்காலையிலிருந்து வயலில் நின்ற மனிதர். பானையில் சோறு இல்லை. மாமி தனக்கு எடுத்து வைத்திருந்ததைப் போட்டுக் கொடுக்கப் பார்த்தார். அவர் வாங்கவில்லை. ஒரு பிளேன்ரீயும் பனிஸும் போதும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் படலையைச் சாத்திக்கொண்டு போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். 2004இல் சாதாரண தரப் பரீட்சை எழுதிய கூட்டாளிகள் நாங்கள். எழுதிய அந்த மாதமே சுனாமி. அதன்பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டோம். சுவிஸிலிருந்து ஒருவன் வருகிறான் என்று எல்லோரும் கூடுகிறோம். என்னோடு ஒன்பது பேர். ஒருவன் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவன், ஒருவன் காத்தான்குடி முஸ்லிம். வட்ஸ்அப்பில் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான்தான் மாமி கடையைச் சொன்னேன். எங்களில் பாதிப் பேர் தான்தோன்றீஸ்வரர் கோயில் திருவிழாவுக்குத் தவிர படுவான்கரைக்குப் போனதே இல்லை. 2014இல் பாலம் திறக்கும் வரைக்கும் மண்முனையில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கிற படகுப்பாதைதானே, அதற்கு வரிசையில் நிற்க யாருக்குப் பொறுமை? பிறந்து வளர்ந்த ஊரின் மறுகரையை இவர்கள் வாயால் ருசித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆனால் ஒன்பது பேர் என்பது மாமியின் பானையில் மூன்றில் ஒரு பங்கு. அந்த டிரைவருக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது. முதல் நாள் சொன்னால் போதுமா? காசு முன்னால் கொடுத்தால் மாமி மனம் வருந்துவாரா? இறாலோ நண்டோ நாங்கள் வாங்கிக்கொண்டு போகலாமா? இப்படிச் சின்னக் கடைக்குக் கூட்டமாகப் போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்: வாழைச்சேனைத் தம்பி

அண்ணன், முதல் நாள் சொன்னால் போதாது. இரண்டு நாள் முன்னால் நேரில் போய்ச் சொல்லுங்கள். போனில் சொன்னால் அவர் "வாங்க மனே" என்றுதான் சொல்வார், அவருக்கு முடியுமா முடியாதா என்று உங்களுக்குத் தெரியாது. நேரில் போனால் முகத்தில் தெரியும்.

வெள்ளிக்கிழமை வேண்டாம். பாதிப் பேர் மரக்கறி, காத்தான்குடி அண்ணனுக்கு ஜும்ஆ. சனிக்கிழமை நல்லது, ஆசிரியர்கள் இரண்டு பேரும் வர மாட்டார்கள், அதில் இரண்டு சாப்பாடு மிச்சம். வழமையான ஆட்கள் சாப்பிட்டு எழும்பிய பிறகு, ஒன்றே முக்கால், இரண்டு மணிக்கு உட்காருங்கள். பசித்தால் வழியில் ஆளுக்கொரு வடை. அவ்வளவுதான்.

பதில்: செங்கலடி அக்கா

தம்பி, நான் பதினொரு வருடம் வீட்டிலிருந்து சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்தவள். அடுப்படியில் நிற்கிறவளின் பக்கத்தைச் சொல்கிறேன்.

அரிசி ஒரு பிரச்சினையே இல்லை. கந்தோரில் இருக்கிறவர்கள் என்றால் ஒரு கிலோ எட்டுப் பேருக்குக் காணும். வயலில் நிற்கிறவர்கள் என்றால் ஆறு பேர். நீங்கள் கந்தோர்க்காரர்தான், ஆனால் இருபது வருடத்துக்குப் பிறகு கூடும் கூட்டாளிகள் கதைத்துக் கதைத்துச் சாப்பிடுவார்கள், அதனால் ஒன்றரைக் கிலோ கூடப் போடச் சொல்லுங்கள். ஒன்பது என்று சொன்ன இடத்துக்கு ஒன்பது பேர் வந்ததை நான் கண்டதில்லை. பத்து என்று சொல்லுங்கள்.

பிரச்சினை அடுப்பும் நேரமும். இருபத்தைந்து பேருக்குச் சமைக்கிறவளிடம் அதற்கு அளவான சட்டிதான் இருக்கும். முப்பத்தைந்து பேரின் மீனை அந்தச் சட்டியில் போட்டால் மேலே கிடப்பது வேகாது, கீழே கிடப்பது உடைந்துவிடும். உப்பும் புளியும் ஆள் கணக்குக்கு ஏறாது, கை மறந்துபோகும். அதனால் இரண்டாவது சட்டியில் தனியாகத்தான் வைக்க வேண்டும். அதற்கு இன்னொரு முக்கால் மணித்தியாலம், இன்னும் ஒரு கட்டு விறகு. மாமி அன்றைக்கு ஐந்து மணிக்கு எழும்புகிறவர் என்றால் நாலு மணிக்கு எழும்புவார். இதை மனதில் வைத்துக்கொண்டு காசு கொடுங்கள்.

நண்டைக் கொண்டுபோகவே வேண்டாம். பதினொரு மணிக்கு உயிர் நண்டோடு வந்து நிற்கிற விருந்தாளியைப் போல ஒரு கரைச்சல் கிடையாது. யார் உடைப்பது, யார் கழுவுவது? நிலவு காலம் என்றால் உள்ளே சதையும் இருக்காது என்பார்கள். ஏதாவது விசேசமாக வேண்டுமென்றால் காசை வியாழக்கிழமையே கையில் கொடுத்து "மாமி, நல்லதாக எது கிடைக்கிறதோ அதை வாங்குங்க" என்று சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்த மீன்காரர் அவருக்குக் கொடுக்கிற மீன் உங்களுக்குக் கிடைக்காது. முன்காசு கொடுத்தால் மனம் வருந்துவாரா என்று கேட்டீர்கள். கடனுக்கு மீன் எடுத்து, மனிதர்கள் வராமல் போய், சட்டியோடு நாய்க்கு ஊற்றியவள் நான். முன்காசு கொடுக்கிறவனை நான் பிள்ளையாகத்தான் பார்த்தேன்.

பீங்கான் எத்தனை இருக்கிறது என்று பார்த்தீர்களா? பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்தால் அதுவும் குறையும். தாமரை இலை கிடைக்கும் பக்கம்தானே, இலை கொண்டுபோங்கள்.

தேங்காய் இரண்டு கூடப் போகும் என்பது என் கணக்கு. சுண்டலும் சம்பலும் தாராளமாக வைத்தால் மூன்று. நீங்கள் கொண்டுபோகக்கூடிய ஒரே சாமான் தேங்காய்தான். சாப்பிட்டு வந்து எத்தனை போனது என்று எனக்கு எழுதுங்கள்.

பதில்: காத்தான்குடி நானா

அந்தக் காத்தான்குடிக் கூட்டாளியின் இடத்தில் பல தடவை இருந்தவன் நான். ஒரு வேண்டுகோள். அவருக்காக என்று மாமியிடம் பெரிய விளக்கம் சொல்லிக் கொண்டிருக்காதீர்கள். மீன், இறால், முட்டை, மரக்கறி என்றால் எங்களுக்கு ஒரு தடையும் இல்லை. அன்றைக்கு இறைச்சி வேண்டாம் என்று மட்டும் முதலே சொல்லிவிடுங்கள், எல்லோருக்குமே இறைச்சி இல்லை என்று ஆகிவிடும். சாப்பாட்டு மேசையில் வைத்து "உனக்கு இது பரவாயில்லையா, அது பரவாயில்லையா" என்று ஒவ்வொரு சட்டியாகக் கேட்பதுதான் எங்களுக்குச் சங்கடம். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு மணி என்பது நல்ல நேரம். லுஹர் தொழுதுவிட்டு நிம்மதியாக வருவார்.

பதில்: நாவலடி

எனக்கு இது விளங்கவில்லை. கடை என்றால் வியாபாரம். ஒன்பது பேர் வந்தால் அவருக்கு லாபம்தானே? படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுங்கள், இடத்தையும் போடுங்கள், நூறு பேர் போகட்டும். ஒரு கிழமையில் இருபத்தைந்து சாப்பாடு ஐம்பதாகும். நல்லது செய்ய வேண்டும் என்றால் அதைச் செய்யுங்கள்.

கல்லடிக்காரன்

நாவலடி, நீங்கள் நல்ல மனதோடு சொல்கிறீர்கள், அது எனக்கு விளங்குகிறது. இதை நானே ஒருநாள் மாமியிடம் கேட்டிருக்கிறேன். போர்ட் ஒன்று எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "எனக்கு முழங்கால் இருபத்தைந்துக்குத்தான் இடம் கொடுக்குது மனே" என்றார். ஆள் வைத்துச் சமைத்தால் கை மாறிவிடும், கை மாறினால் இவர்கள் ஏன் இங்கே வர வேண்டும் என்றும் சொன்னார். நூறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அடுத்த கிழமை வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பால் தம்பிக்குச் சோறு இருக்காது. இடத்தை எழுத மாட்டேன், மன்னிக்க வேண்டும்.

மற்ற மூன்று பேருக்கும் மிக்க நன்றி. வியாழக்கிழமை நேரில் போகிறேன். போய்வந்து எழுதுகிறேன்.

கல்லடிக்காரன் (போய்வந்த பிறகு)

போய்வந்துவிட்டோம். எழுதுகிறேன் என்று சொன்னதால் எழுதுகிறேன், எழுத ஆசையாகவும் இருக்கிறது.

வியாழக்கிழமை சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு மாமியிடம் சொன்னேன். பத்துப் பேர், சனிக்கிழமை, இரண்டு மணி, இறைச்சி வேண்டாம், ஒருவருக்கு மரக்கறி. மூவாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்தேன். வாழைச்சேனைத் தம்பி சொன்னதுபோல முகத்தைத்தான் பார்த்தேன். மாமி காசைப் பார்க்கவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி, உயரத்தில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெரிய மண்சட்டியைப் பார்த்தார். "அது மகளின் கலியாணத்துக்கு எடுத்தது, பிறகு இறக்கவில்லை" என்றார். சரி, சம்மதம் என்று விளங்கியது.

சனிக்கிழமை ஒரு வானும் இரண்டு மோட்டார் சைக்கிளும். செங்கலடி அக்கா சொன்னது அப்படியே நடந்தது. ஒருவன் தன் பன்னிரண்டு வயது மகனைக் கூட்டிவந்தான், பத்துப் பேர் ஆகிவிட்டோம். மண்முனைப் பாலத்தில் நிறுத்தச் சொன்னார்கள், காற்று நல்ல காற்று. சுவிஸ் கூட்டாளி பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அப்பாவோடு படகுப்பாதையில் போனதைச் சொன்னான். லொறி ஏறும்போது பாதை ஒரு பக்கம் சாயும், அப்பா இவன் கையை இறுக்கிப் பிடிப்பாராம். அவனுடைய அப்பா இப்போது இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று நாற்பது. வாளி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வாங்கில் மூன்று பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் அந்த மெசின் டிரைவர். எனக்கு நெஞ்சு ஒருமாதிரி ஆகிவிட்டது. நாங்கள் முற்றத்து மாமரத்துக்குக் கீழே நின்றோம். அவர் எங்களைப் பார்த்துவிட்டு அவசரமாக எழும்பப் பார்த்தார். நான் போய் "அண்ணன், ஆறுதலாகச் சாப்பிடுங்க, எங்களுக்கு இரண்டு மணிக்குத்தான்" என்றேன். அவர் திரும்ப உட்கார்ந்து இன்னொரு அகப்பை சோறு கேட்டார். மாமி போட்டார். இந்த ஒரு காட்சிக்காகவே உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

அதன்பிறகு நாங்கள் உட்கார்ந்தோம். தாமரை இலையைப் பால் தம்பியே குளத்திலிருந்து பறித்துத் தந்தான். ஈர இலையில் சுடுசோறு விழுந்ததும் ஒரு வாசம் எழும்புமே, அதிலேயே கதை நின்றுவிட்டது.

மீன், விரால். உன்னிச்சைப் பக்கத்துக் குளத்து விரால் என்று மாமி சொன்னார். கலியாணச் சட்டியில், கொறுக்காய்ப் புளி போட்டு, ஆணம் கட்டியாகவும் இல்லாமல் தண்ணியாகவும் இல்லாமல், துண்டு உடையாமல் இருந்தது. குளத்து மீன் சேற்று வாடை அடிக்கும் என்று முகம் சுளித்த ஒருவன் இருந்தான். மாமி மீனை உப்பும் சாம்பலும் போட்டு மூன்று தரம் உரசிக் கழுவுவாராம், அதில் எல்லாம் போய்விடும் என்றார். அவன் தலைத்துண்டையும் கேட்டு வாங்கினான். வாவி இறாலை முருங்கைக்காயோடு வைத்திருந்தார். பயற்றங்காய்ப் பாலாணம், முசுட்டைச் சுண்டல், கூனிச் சம்பல். கூனிச் சம்பலில் பச்சைக் கொச்சிக்காயும் தேசிக்காயும், கூனியை ஓட்டில் வறுத்துக் கையாலேயே நொறுக்கியது. சுவிஸில் பதினைந்து வருடம் இருந்தவன் அதைச் சோற்றோடு பிசையும்போது ஒன்றும் பேசவில்லை. பிறகு "பெத்தாவின் கை மாதிரி இருக்கு" என்று பாட்டியை நினைத்துச் சொன்னான்.

மரக்கறிக் கூட்டாளிக்குச் சுண்டலும் பாலாணமும் பருப்பும் மாசிக் கருவாடு போடாமல் முதலிலேயே எடுத்து, தனியாக மூடி வைத்திருந்தார். அவனுக்குத் தனி அகப்பை. நான் "ஒருவருக்கு மரக்கறி" என்று ஒரு தரம்தான் சொன்னேன்.

காத்தான்குடிக் கூட்டாளி தொழுதுவிட்டு நேரே வந்திருந்தான். நானா சொன்னபடி நான் ஒன்றும் கேட்கவில்லை. அவன் இலை வெறுமையாகும் முன்னே மாமி போட்டுக்கொண்டிருந்தார். "வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் கொஞ்சம் கட்டித் தாறன், கொண்டுபோங்க மனே" என்று அவர் சொன்னபோது, அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் ஒரு சட்டித் தயிர் கொண்டுவந்திருந்தான். தயிர் மலிந்த படுவான்கரைக்கே காத்தான்குடியிலிருந்து தயிரா என்று மற்றவர்கள் கேட்டார்கள். பாணியும் அவன்தான் கொண்டுவந்தான், நல்ல கித்துள் பாணி. மாமியையும் உட்காரவைத்து, அவருக்கு முதலில் ஊற்றினோம். எங்களுக்குப் பரிமாறியவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டது அந்தத் தயிர் மட்டும்தான். சோறு அவர் பிறகுதான் சாப்பிடுவாராம். தனக்கு எடுத்து வைத்திருந்ததை நான் போய்ப் பார்த்தேன். ஒரு மூடிய பாத்திரத்தில் இருந்தது, மீன் துண்டோடு. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

காசு கணக்கில் ஒரு சின்ன இழுபறி. வழமையான சாப்பாடு நானூற்றைம்பது ரூபாய். அன்றைக்கு இறாலும் இரண்டாவது சட்டியும் சேர்த்து ஆளுக்கு எழுநூறு என்று நாங்கள் முதலே பேசி வைத்திருந்தோம். மாமி ஐந்நூறுக்கு மேல் எடுக்க மாட்டேன் என்றார். விறகும் நேரமும் என்று அக்கா எழுதியதை அப்படியே சொன்னேன். மாமி கொஞ்ச நேரம் பேசாமல் நின்று, "யாரு மனே அந்தப் பிள்ளை? சமைக்கிற பிள்ளையா?" என்று கேட்டார். ஓம் என்றேன். எழுநூறை எடுத்துக்கொண்டார். சின்னப் பையனுக்குக் காசு எடுக்கவே மாட்டேன் என்றதை மட்டும் எங்களால் மாற்ற முடியவில்லை.

படம் எடுத்தோம். சாப்பாட்டையும் எங்களையும் மட்டும். ஒழுங்கையோ படலையோ எதிலும் இல்லை.

நாங்கள் புறப்படும்போது மணி நாலரை. மாமி வாளியை உள்ளே எடுத்தார். பானை அடியில் தண்ணீர் ஊற்றி, விடியப் பழஞ்சோறு என்றார். சோறு ஒருவருக்கும் குறையவில்லை.

செங்கலடி அக்கா, தேங்காய் நான்கு கொண்டுபோனேன். மூன்றுதான் போனது. நான்காவதை எனக்கே திருப்பித் தந்துவிட்டார்.